தபாலைப் பிரித்துப் படித்த பேராசிரியர்



பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் கணங்கள் என்று ஒரு பாடம் உண்டு. அதில் டி மார்கனின் விதிகள் வரும். இரண்டு வட்டம் போட்டு, நிழலடித்து, மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806 ஜூன் 27 அன்று, நாம் கூடியிருக்கிற இதே மதுரையில் பிறந்தவர். அவர் பிறந்த பதின்மூன்றாம் நாள், ஜூலை 10 விடியற்காலையில், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தந்தை ஜான் டி மார்கன் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது குடும்பம் கப்பலேறியது. பிறந்த கொஞ்ச நாளிலேயே அந்தக் குழந்தை வலது கண்ணின் பார்வையை இழந்திருந்தது.

இதை வைத்துக்கொண்டு அவரை மதுரைக்காரர் என்று நாம் தூக்கிக் கொண்டாடலாமா? எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏழு மாதக் குழந்தைக்கு வைகையும் தெரியாது, மீனாட்சியம்மன் கோபுரமும் தெரியாது. வளர்ந்தபின் அவர் இந்தப் பக்கம் திரும்பி வரவுமில்லை. ஜார்ஜ் பூலின் மனைவி மேரி பூல் பிற்காலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். பூல், பாபேஜ், டி மார்கன் ஆகிய கணிதவியலாளர் மூவரின் சிந்தனையிலும் இந்தியத் தத்துவத்தின் தாக்கம் இருந்ததாக அதில் சொல்கிறார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆதாரமாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். டி மார்கனுக்கும் இந்தியாவுக்கும் உறுதியான ஒரு தொடர்பு உண்டு. அது டெல்லி வழியாக வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். காஸ், ரீமான், கால்வா வரிசையில் டி மார்கனை உட்கார வைக்க முடியாது. கணிதத்தையே புரட்டிப் போட்ட தேற்றம் எதுவும் அவர் பெயரில் இல்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் யார் எந்தக் கணக்கோடு வந்தாலும், வந்தவர் யார் என்று பார்க்காமல், அதைப் பிரித்துப் படித்து, உட்கார்ந்து யோசித்துப் பதில் எழுதிய மனிதர் அவர். இதை ஒரு பெரும் பணியாக நம் கணித வரலாறுகள் எண்ணுவதில்லை. எண்ண வேண்டும் என்பது என் கட்சி.

அவருடைய தாய்வழிக் கொள்ளுத் தாத்தா ஜேம்ஸ் டாட்சன். 1742இல் எதிர்மடக்கை அட்டவணைகளைக் கணக்கிட்டு வெளியிட்டவர். கணக்கு வாத்தியார் என்பதால் குடும்பத்தில் அவர் பெயரை எடுப்பதையே கௌரவக் குறைவாக நினைத்தார்கள். அகஸ்டஸ் சின்ன வயதில் அத்தை ஒருவரிடம் அவரைப் பற்றிக் கேட்டதற்கு, நம் வீட்டு அழுகல் மீனை நாமே கூவி விற்பதா என்கிற மாதிரி பதில் வந்ததாம். படைவீரர் குடும்பத்தின் பார்வை அப்படி. தந்தை 1816இல் இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் இறந்துபோனார். பிள்ளையைப் பாதிரியாராக்கிப் பார்க்க வேண்டும் என்பது தாயின் ஆசை. பிள்ளையோ கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போய், 1827இல் கணிதத் தேர்வில் நான்காவதாக வந்தார். புல்லாங்குழலும் நன்றாக வாசிப்பார். தேர்வுக்குத் தேவையானதை மட்டும் படிக்காமல் கண்டதையும் படித்ததால்தான் நான்காமிடம் என்று சொல்வார்கள்.

அங்கே ஒரு முட்டுக்கட்டை வந்தது. முதுகலைப் பட்டம் வேண்டுமென்றால் இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடவில்லை. கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை, கல்லூரியில் ஃபெல்லோ பதவியும் இல்லை. அந்தச் சட்டம் ஒழிந்தது 1871 ஜூனில். டி மார்கன் இறந்தது அதே ஆண்டு மார்ச் 18 அன்று.

அப்போது லண்டனில் மதச் சோதனை எதுவும் வைக்காத ஒரு புதிய பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டிருந்தது. பின்னாளில் யுனிவர்சிட்டி காலேஜ் என்று பெயர் பெற்றது அதுதான். 1828இல் அதன் முதல் கணிதப் பேராசிரியராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது இருபத்தொன்று. மூன்றே ஆண்டில், உடற்கூறியல் பேராசிரியர் ஒருவரை நிர்வாகக் குழு காரணம் சொல்லாமல் நீக்கியது. அதை எதிர்த்து டி மார்கன் வேலையை விட்டார். 1836இல் அவருக்குப் பின் வந்தவர் கடலில் மூழ்கி இறந்துபோக, திரும்ப அழைத்தார்கள். போனார். அதன்பின் முப்பது ஆண்டுகள் அங்கேதான்.

வகுப்பில் அவர் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பாடம் முடிந்ததும் கணக்குகள் தருவார். மாணவர்கள் போட்டுத் தந்த விடைகளை உதவியாளரிடம் தள்ளாமல் தானே திருத்தி, அடுத்த வகுப்புக்குள் திருப்பிக் கொடுப்பார். தேர்வுக்காக மனப்பாடம் பண்ண வைப்பது அவருக்கு வேப்பங்காய். அவரிடம் படித்தவர்களின் பட்டியலில் சில்வெஸ்டர், டாட்ஹண்டர், ரௌத், பொருளியலறிஞர் ஜெவன்ஸ் எல்லோரும் இருக்கிறார்கள். கல்லூரிக்கு வெளியே, பயனுள்ள அறிவைப் பரப்பும் சங்கம் மலிவு விலையில் வெளியிட்ட பென்னி கலைக்களஞ்சியத்துக்கு எழுநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். கணிதத் தொகுத்தறிதல் என்று நீங்கள் பதினோராம் வகுப்பில் படிக்கிற முறைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் நிலைத்ததற்கு, 1838இல் அதில் அவர் எழுதிய கட்டுரை முக்கியக் காரணம். ஒரு பேராசிரியர் காசு கொடுத்து நூல் வாங்க முடியாத தொழிலாளிக்காக இவ்வளவு எழுதினார் என்றால், சொந்த ஆராய்ச்சிக்கு நேரம் எங்கே மிஞ்சும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மிஞ்சிய நேரத்தில்தான் தருக்கத்தைத் தொட்டார்.

அவர் விதியை ஒரு நிமிடம் வட்டங்களை விட்டு வெளியே எடுத்துப் பார்ப்போம். ஒரு முகாமில் அறிவிப்பு: 'ஆதார் அட்டையும் குடும்ப அட்டையும் கொண்டு வந்தவர்கள் இந்த வரிசையில் நிற்கவும்.' இந்த வரிசைக்கு வெளியே நிற்பவர் யார்? இரண்டும் இல்லாதவர் என்று அவசரத்தில் சொல்லிவிடுவோம். அது தவறு. ஆதார் இல்லாதவர் அல்லது குடும்ப அட்டை இல்லாதவர், இவர்களில் யாரானாலும் வெளியேதான். மறுக்கும்போது 'இதுவும் அதுவும்' என்பது 'இதில்லை அல்லது அதில்லை' என்றாகிவிடுகிறது. பதினான்காம் நூற்றாண்டிலேயே வில்லியம் ஆக்கம் போன்ற தருக்கவாதிகளுக்கு இது தெரியும். டி மார்கன் இதைக் குறியீடுகளோடு கணக்காக்கினார். விதிக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. என்னைக் கேட்டால், அவருடைய தருக்கத்தில் இதைவிடச் சுவையானவை வேறு இருக்கின்றன.

ஒன்று சொல்கிறேன். ஒரு வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சைக்கிளில் வருகிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் மூக்குக்கண்ணாடி போட்டவர்கள். எனவே கண்ணாடி போட்டுக்கொண்டு சைக்கிளில் வருகிறவர் ஒருவராவது நிச்சயம் இருக்கிறார். இதில் எவருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அரிஸ்டாட்டில் வகுத்த முக்கூற்று முறையில் இதை நிறுவ வழியில்லை. அங்கே 'எல்லாம்', 'சில', 'எதுவுமில்லை' என்பவைதான் உண்டு. 'பாதிக்கு மேல்' இல்லை. இன்னொன்று: குதிரை ஒரு விலங்கு, ஆகவே குதிரையின் தலை ஒரு விலங்கின் தலை. இதையும் பழைய தருக்கத்தால் நிறுவ முடியாது. 'இதன் தலை அது' என்பது ஓர் உறவு. உறவுகளுக்கு அங்கே இடமே கிடையாது. இரண்டாயிரம் ஆண்டுகள் முழுமையானது என்று கற்பித்து வந்த ஒரு சாத்திரத்தின் கூரையில் ஓட்டை எங்கெங்கே இருக்கிறது என்று காட்டினார் டி மார்கன். முதலாவதை 1847இல் வெளிவந்த 'முறைசார் தருக்கம்' நூலில் விரிவாகச் செய்தார். உறவுகளின் தருக்கத்தை 1860 வாக்கில் எழுதினார்.

அந்த 1847 நூல் ஒரு சண்டையில் பிறந்தது. எடின்பரோ தத்துவப் பேராசிரியர் சர் வில்லியம் ஹாமில்டன், தன் கருத்தை டி மார்கன் திருடிவிட்டார் என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். டப்ளினில் இருந்த பெரிய கணிதவியலாளர் சர் வில்லியம் ரோவன் ஹாமில்டன் வேறு ஆள். இவர் டி மார்கனின் நெருங்கிய கடித நண்பர். ஒரே பெயரில் எதிரியும் நண்பரும். படிக்கிறவன் பாடுதான் திண்டாட்டம். திருட்டுக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனால் அந்தச் சண்டையைப் பத்திரிகையில் படித்த, லிங்கன் நகரத்தில் பள்ளிக்கூடம் நடத்திவந்த ஒருவர் தருக்கத்தைப் பற்றி மறுபடி யோசிக்கத் தொடங்கினார். அவர்தான் ஜார்ஜ் பூல். அவருடைய முதல் தருக்க நூலும் டி மார்கனின் நூலும் 1847 நவம்பரில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தன. பூலுக்குப் பட்டமில்லை, பதவியில்லை. 1842 முதலே டி மார்கன் அவரோடு சரிக்குச் சரியாகக் கடிதம் எழுதிவந்தார். பூலின் இயற்கணிதம் தன்னுடையதைவிட ஆழமானது என்று காலம் தீர்ப்பளிக்கும் முன்பே, அந்த மனிதரின் அருமையை அறிந்தவர்களில் டி மார்கன் ஒருவர்.

இனி டெல்லி.

ராமசந்திரர் 1821இல் பானிப்பட்டில் பிறந்தவர், டெல்லிக் கல்லூரியில் ஆசிரியர். 1850இல் சொந்தச் செலவில் கல்கத்தாவில் ஒரு நூல் அச்சிட்டார். பெருமம் சிறுமம் காணும் கணக்குகளை நுண்கணிதம் இல்லாமல் இயற்கணிதத்தால் மட்டும் தீர்ப்பது அதன் பொருள். முறை எப்படி என்று பாருங்கள். 10ஐ இரண்டு பாகமாகப் பிரி; இரண்டின் பெருக்கல் மிகப் பெரிதாக வேண்டும். ஒரு பாகம் x என்றால் மற்றது 10−x. பெருக்கல் r என்க. அப்போது x²−10x+r=0. இந்த இருபடிச் சமன்பாட்டுக்கு மெய்யான மூலம் இருக்க வேண்டுமானால் 25−r சுழிக்குக் கீழே போகக் கூடாது. எனவே r அதிகபட்சம் 25. இரண்டு பாகமும் 5. வகையிடல் எங்கேயும் தேவைப்படவில்லை. தன்மைக்காட்டி ஒன்றே வேலையை முடித்துவிட்டது. இரண்டாம் படியில் இது எளிது. படி கூடக் கூட, அவர் எடுத்துக்கொண்ட உத்திகள் அழகானவை.

கல்கத்தாவில் அந்த நூலுக்கு நல்ல வரவேற்பு இல்லை. அங்கே கவர்னர் ஜெனரலின் ஆலோசனைச் சபையில் இருந்த பெத்யூன் பிரதி ஒன்றை லண்டனுக்கு டி மார்கனிடம் அனுப்பினார். இங்கேதான் நான் முதலில் சொன்னது வருகிறது. காலனி நாட்டுப் பள்ளியாசிரியர் ஒருவர் எழுதிய, விமர்சகர்கள் ஒதுக்கிய புத்தகம். புகழ்பெற்ற பேராசிரியர் மேசையில் அப்படி எத்தனையோ வந்து விழும். டி மார்கன் படித்தார். கம்பெனியின் இயக்குநர் சபைக்கு எழுதினார். இந்த ஆசிரியரைக் கௌரவிக்க வேண்டும், நூலை ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பரப்ப வேண்டும் என்று வாதாடினார். 1859இல் லண்டனில் நூல் மறுபதிப்பாயிற்று. மேற்பார்வையும் நீண்ட முன்னுரையும் டி மார்கனுடையவை. இடையில் 1857 கிளர்ச்சி வந்து போயிருந்தது. கிறித்தவரான ராமசந்திரர் டெல்லியில் உயிர் தப்பியதே பெரும்பாடு. மறுபதிப்பு கையில் வந்தபோது, அதற்கு உத்தரவிட்ட கம்பெனியின் ஆட்சியே முடிந்திருந்தது.

அந்த முன்னுரையில் டி மார்கனின் வாதம், இந்தியாவின் கணித மரபு இயற்கணிதத்தில் வலுவானது, எனவே இங்கிலாந்துப் பாடத்தை அப்படியே கொண்டுபோய்த் திணிக்காமல், பாஸ்கரர் வழிவந்த அந்த வலுவின் மேலேயே கட்ட வேண்டும் என்பது. மெக்காலேயின் கல்விக் குறிப்பு ஓங்கியிருந்த காலத்தில் இப்படி ஒரு குரல். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்திய மனம், அதன் இயல்பு என்று ஒரு நாட்டையே ஒரு மனிதராக்கிப் பேசும் பழக்கம் அந்தக் காலத்து ஆங்கிலேயர் எல்லோரையும் போல அவருக்கும் இருந்தது. கல்வித் திட்டமும் அவர் நினைத்தபடி மாறவில்லை. ராமசந்திரரின் புத்தகம் பாடமாகவும் நிலைக்கவில்லை.

பெண்கள் விஷயத்திலும் இதே கலப்புத்தான். 1840, 41இல் கணித ஆர்வம் கொண்ட ஏடா லவ்லேஸ் கடித வழியில் அவரிடம் நுண்கணிதம் கற்றார். அவருடைய கேள்விகள் கூர்மையானவை. டி மார்கன் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதியிருக்கிறார். பின்னர் ஏடாவின் தாயாருக்கு எழுதிய கடிதத்தில், இதே திறமையுள்ள ஓர் இளைஞன் கேம்பிரிட்ஜில் இருந்தால் முதல்தர ஆராய்ச்சியாளனாகக்கூட ஆவான் என்கிறார். அடுத்த மூச்சிலேயே, இவ்வளவு சிந்தனையைப் பெண்ணின் உடல் தாங்குமா என்று கவலைப்படுகிறார். கணக்கைச் சரியாக எடை போடத் தெரிந்தவருக்கு இதில் தராசு சாய்ந்துவிட்டது.

இத்தனைக்கும் வீட்டில் அவர் மனைவி சோஃபியா கல்வியும் சமூகப் பணியும் நிறைந்தவர். மாமனார் வில்லியம் ஃப்ரெண்ட் சுவாரசியமான மனிதர். எதிர்ம எண்கள் என்று எதுவும் கிடையாது என்று பிடிவாதமாக இயற்கணித நூல் எழுதியவர். மருமகனோ எதிர்ம எண்ணோடு நில்லாமல், கற்பனை எண்களுக்கும் வடிவியல் பொருள் சொல்லி 1849இல் நூல் போட்டார். மாமனாரும் மருமகனும் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். அந்த 1849 என்ற ஆண்டு அவருக்குப் பிடித்தது. x² ஆம் ஆண்டில் எனக்கு வயது x என்று புதிர் போடுவார். 43ஐ 43ஆல் பெருக்கினால் 1849. 1980இல் பிறந்தவர்களுக்கும் அந்தப் பேறு உண்டு: 45ஐ 45ஆல் பெருக்கினால் 2025.

1852 அக்டோபர் 23. அவர் மாணவர் ஃப்ரெடரிக் குத்ரி ஒரு கேள்வி கொண்டுவந்தார். உண்மையில் அது அண்ணன் பிரான்சிஸின் கேள்வி. இங்கிலாந்து மாவட்டங்களின் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும்போது தோன்றியது: எந்த வரைபடமானாலும், எல்லையைப் பகிரும் இரண்டு பகுதிகள் ஒரே நிறம் பெறாதபடி தீட்ட நான்கு வண்ணம் போதுமா? டி மார்கனுக்கு விடை தெரியவில்லை. அன்றைக்கே டப்ளின் ஹாமில்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டார். மாணவர் ஒருவர் இன்று இதற்குக் காரணம் கேட்டார், இது உண்மைதானா என்றே எனக்குத் தெரியாது என்று ஒளிக்காமல் எழுதுகிறார். மூன்றாம் நாள் பதில் வந்தது: இப்போதைக்கு இதில் இறங்குவதாக இல்லை.

டி மார்கன் விடவில்லை. நான்கு பகுதிகள் ஒன்றையொன்று தொட்டால் அவற்றில் ஒன்று மற்ற மூன்றுக்குள் அடைபட்டுவிடும், ஐந்தாவது அதைத் தொட முடியாது. இதில்தான் சூட்சுமம் என்று நினைத்தார். கரும்பலகையில் போட்டுப் பாருங்கள், அது போதாது என்று தெரியும். நடுவில் ஒரு மாவட்டம், சுற்றிலும் வளையமாக ஐந்து மாவட்டங்கள். வளையத்தில் ஐந்து, ஒற்றைப்படை. இரண்டு வண்ணத்தை மாற்றி மாற்றித் தீட்டினால் கடைசியில் இடிக்கும், மூன்றாவது வேண்டும். நடுவில் உள்ளதற்கு நான்காவது. ஆனால் இதில் ஒன்றையொன்று தொடுகிற நான்கு மாவட்டங்கள் எங்குமே இல்லை. ஆக, நான்கு வண்ணம் தேவைப்படுவதற்குக் காரணம் டி மார்கன் தேடிய இடத்தில் மட்டும் இல்லை. 1879இல் கெம்ப் நிறுவிவிட்டதாக அறிவித்தார். 1890இல் ஹீவுட் அதிலிருந்த பிழையைக் காட்டினார். 1976இல் அப்பெல், ஹாக்கன் இருவரும் கணினி துணையோடு முடித்தார்கள். டி மார்கன் அந்தக் கேள்வியைக் கடிதத்திலும், 1860இல் அதீனியம் இதழிலும் எழுதி உயிரோடு வைத்திராவிட்டால், அது ஒரு மாணவனின் நோட்டுப் புத்தகத்தோடு போயிருக்கும்.

வந்த கடிதமெல்லாம் இப்படிப் பொன்னாக இருக்கவில்லை. வட்டத்தைச் சதுரமாக்கிவிட்டேன், கோணத்தை முக்கூறிட்டுவிட்டேன் என்று வருகிறவர்களையும் அவர் படித்தார். லிவர்பூல் வணிகர் ஜேம்ஸ் ஸ்மித் பை என்பது மிகச் சரியாக 3⅛ என்று புத்தகம் புத்தகமாக வெளியிட்டு, கடிதம் மேல் கடிதம் எழுதினார். வேறு பேராசிரியராக இருந்தால் குப்பைக்கூடைதான். டி மார்கன் அவற்றையெல்லாம் அதீனியத்தில் கிண்டலும் கணக்குமாக அலசினார். அவர் இறந்தபின் 1872இல் சோஃபியா அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். அவர் எழுதியதில் இன்றைக்கும் படுத்துக்கொண்டு படிக்கக்கூடிய புத்தகம் அது ஒன்றுதான் என்பேன்.

1865இல் லண்டன் கணிதக் கழகம் தொடங்கியது. மகன் ஜார்ஜும் நண்பர் ரான்யார்டும் போட்ட திட்டம். தந்தை முதல் தலைவர். இதற்கிடையே கல்லூரியில் தத்துவப் பேராசிரியர் பதவி காலியானது. தகுதியான ஜேம்ஸ் மார்ட்டினோவை, அவர் யூனிடேரியன் பாதிரியார் என்பதால் நிர்வாகம் தேர்ந்தெடுக்கவில்லை. மத நடுநிலை காக்கிறோம் என்றது நிர்வாகம். ஒருவரின் மதத்தைப் பார்த்து மறுத்தபின் நடுநிலை எங்கே இருக்கிறது என்றார் டி மார்கன். 1866இல் இரண்டாம் முறையாக, கடைசியாக, ராஜினாமா. அடுத்த ஆண்டே ஜார்ஜ் இறந்துபோனார். டி மார்கன் அதிலிருந்து எழவில்லை.

பழைய மாணவர்கள் கூடி, கல்லூரியில் வைக்க அவருடைய ஓவியமோ மார்பளவுச் சிலையோ செய்ய அனுமதி கேட்டார்கள். மறுத்துவிட்டார். நான் பணிபுரிந்த கல்லூரி இப்போது இல்லை என்பது அவர் பதிலின் சாரம்.

இங்கே மதுரையில் அவருக்கு ஒரு சிலை வைக்கலாமே என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அவர் உயிரோடிருக்கும்போதே வேண்டாமென்றதை நாம் ஏன் செய்ய வேண்டும்? இங்குள்ள கணிதத் துறையிடம் என் வேண்டுகோள் வேறு. ராமசந்திரரின் நூலைத் தமிழில் கொண்டுவாருங்கள். கணக்குகள் எல்லாம் பதினோராம் வகுப்பு மாணவருக்கு எட்டக்கூடியவை. டி மார்கனின் முன்னுரையையும் சேர்த்தே மொழிபெயருங்கள். அதிலுள்ள குறைகளை அடிக்குறிப்பில் சொல்லிக்கொள்ளலாம். முதல் அத்தியாயத்தை நான் செய்து தருகிறேன்.